இரண்டாங்கட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு வைஃபை: டாங்கிளா, கார்டா?

அண்ணாச்சி, நீங்கள் கேட்டது இது. கல்லிடைக்குறிச்சியில் தெருவாசலிலிருந்து கொல்லை வரை நீளும் பழைய வீடு. ஃபைபர் இணைப்பின் ரவுட்டர் முன்னால் தார்சாவில் (முன் வராந்தாவில்) இருக்கிறது. 2011-இல் வாங்கிய அசெம்பிள்டு டெஸ்க்டாப் (கோர் ஐ3, எச்61 சிப் உள்ள மதர்போர்டு, விண்டோஸ் 7) பட்டாசலையும் (நடுக்கூடத்தையும்) தாண்டி இரண்டாங்கட்டில், அதாவது பின்கட்டில், இருக்கிறது. அதில் வைஃபை கிடையாது. அப்பள வியாபாரக் கணக்கு அதில்தான் டேலியில் ஓடுகிறது. மகளும் டிஎன்பிஎஸ்சி ஆன்லைன் வகுப்பை அதில் பார்க்க வேண்டும். கடைக்காரர் 350 ரூபாய் டாங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகும் குட்டி வைஃபை சாமான்) போதும் என்கிறார். தெரிந்தவர் ஒருவர் 2,500 ரூபாய்க்கு, பெட்டிக்குள் போர்டில் மாட்டும் வைஃபை கார்டு போடச் சொல்கிறார். மகன் பெட்டியையே தூக்கிப் போட்டுவிட்டு லேப்டாப் வாங்கச் சொல்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

டாங்கிளா கார்டா என்று கேட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள். தார்சாவில் இருக்கிற நெட் இரண்டாங்கட்டு வரை உருப்படியாக வந்து சேருமா? சேர்ந்தாலும் அந்தப் பெட்டிக்கு இனி காசு போடலாமா? உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பேரில் ஒருவரும் முதல் கேள்வியைத் தொடவில்லை. நான் பாளையங்கோட்டைப் பக்கம் ரொம்ப வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். "வைஃபை போட்டேன், இழுக்கவே மாட்டேங்குது" என்று வருகிற புகாரில் பெரும்பாலும் குற்றம் வாங்கின சாமானில் இருப்பதில்லை, அதன் ஆண்டெனா நிற்கிற இடத்தில்தான் இருக்கும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் இடத்தை அளந்து பாருங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வீட்டு வைஃபையில் இணையுங்கள். பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை நடுவில் நிற்க வேண்டாம். டாங்கிள் எங்கே செருகியிருக்குமோ அங்கே, அதாவது மேசைக்கு அடியில் சிபியுவின் முதுகுப் பக்கம், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். ஆப் காட்டும் எண் மைனஸில் இருக்கும், பக்கத்தில் டிபிஎம் என்று போட்டிருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 55 என்றால் கவலையே இல்லை. மைனஸ் 67 வரை வீடியோ வகுப்பு தடங்கலில்லாமல் ஓடும். மைனஸ் 75 தாண்டினால் பக்கம் திறக்கவே மென்று முழுங்கும். 80-க்கு மேல் போனால் இணைப்பு வரும், போகும். இந்த எண் ஏமாற்றுக்காரன். 60-க்கும் 70-க்கும் பத்துதான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து அதே போனை மேசை மேல், மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் 76 காட்டியது மேலே 66 காட்டினால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்தது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், ஏறத்தாழ அரைச் சாண். சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்புகிற அலைகள் ஒன்றையொன்று கூட்டவும் செய்யும், கழிக்கவும் செய்யும். அதனால் போனை நாலு விரல்கடை நகர்த்தினாலே எண் மாறுவதை நீங்களே பார்க்கலாம். போனுக்கே அந்த இடத்தில் சிக்னல் இல்லையென்றால் நகத்தளவு டாங்கிள் ஒன்றும் சாதிக்கப் போவதில்லை.

இனி வீட்டைப் பற்றி. நம் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரையும் செங்கல்லுமாக ஒன்றரை அடி, சில இடத்தில் இரண்டு அடி கனம் இருக்கும். இன்றைய வீடுகளின் ஒற்றைக்கல் சுவரை நினைத்துக்கொண்டு டாங்கிள் பெட்டியில் அச்சடித்திருக்கும் தூரம் எதுவும் இங்கே செல்லாது. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஊறியிருக்கும்போது சிக்னல் இன்னும் மட்டுப்படும், தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும். நடுவில் நிற்கும் இரும்பு பீரோ, அரிசி டிரம், தண்ணீர்த் தொட்டி எல்லாமே தடைதான். ஆனால் இந்த வீடுகளுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. தலைவாசல், நடைவாசல், பின்வாசல் எல்லாம் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும், தெருவில் நின்று பார்த்தால் கொல்லை தெரியும். அலைக்கு அதுதான் ராஜபாட்டை. ரவுட்டரைத் தார்சா மூலையில் சுவிட்ச் போர்டுக்கு அடியில் ஆணியடித்து மாட்டியிருந்தால், அது அந்த நேர்கோட்டை விட்டு விலகி நிற்கிறது. நடைவாசலைப் பார்க்கிற மாதிரி, தலை உயரத்துக்கு மேலே மாற்றுங்கள். ஃபைபர் வயர் மெல்லியது, கூர்மையாக மடித்தால் உள்ளே கண்ணாடி இழை போய்விடும். அதனால் நீங்களே இழுக்காமல் இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிட்டு இரண்டு மூன்று அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். நான் போன வீடுகளில் பல தடவை இந்த ஒரு வேலைக்குப் பிறகு 350 ரூபாய் டாங்கிளே போதுமாயிருக்கிறது.

ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையும் கொடுக்கிறதா என்று பாருங்கள். இணைப்போடு தரும் பெட்டிகளில் பல 2.4 மட்டுமே உள்ளவை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் கூடியது, ஆனால் கனமான சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். இரண்டாங்கட்டில் உங்களுக்குக் கைகொடுக்கப் போவது பெரும்பாலும் 2.4 தான். டூயல் பேண்டுக்கு (இரண்டு அலைவரிசைக்கும்) என்று கூடுதலாகக் கொடுக்கிற பணம் உங்கள் வீட்டில் பலன் தருமா என்பது போன் சோதனையிலேயே தெரிந்துவிடும். 5-இன் எண்ணும் மைனஸ் 70-க்கு உள்ளே இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

டாங்கிள் விஷயத்துக்கு வருகிறேன். அட்டைப்பெட்டி மேல் போட்டிருக்கும் வேக எண்கள் (எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட்) கூட்டல் கணக்கு. "600" என்றால் 2.4-இல் 150, 5-இல் 433, இரண்டையும் கூட்டி மேல்நோக்கி உருட்டியது. ஒரே நேரத்தில் அது ஒரு அலைவரிசையில்தான் வேலை செய்யும். 150 என்று போட்ட சின்ன டாங்கிள் நல்ல சிக்னலில் கைக்குக் கொடுப்பது அதில் பாதிக்கும் கீழே. "1200" என்று போட்டதை உங்கள் பெட்டியில் செருகினாலும் யூஎஸ்பி 2.0 துளையின் உச்ச வரம்பே 480 எம்பிபிஎஸ். எச்61 சிப்பில் யூஎஸ்பி 3.0 கிடையாது. போர்டுக்காரர் தனியாகச் சேர்த்திருந்தால்தான் நீலத் துளை இருக்கும். இதற்காக வருத்தப்பட வேண்டாம். வீடியோ வகுப்புக்கு ஐந்து எம்பிபிஎஸ் நிலையாக வந்தாலே தாராளம். சொல்லப்போனால் யூஎஸ்பி 3.0 துளை ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இதை இன்டெல்லே 2012-இல் அளந்து எழுதியிருக்கிறது. அதனால் நீலத் துளை இருந்தாலும் டாங்கிளுக்குக் கறுப்புத் துளையே மேல்.

டாங்கிள் வாங்கும்போது கூடவே ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளும் வாங்குங்கள். கடைக்காரர் சொல்ல மாட்டார், அவருக்கு அதில் லாபம் இல்லை. இரும்புப் பெட்டியின் முதுகில் டாங்கிளைச் செருகுவது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி. கேபிளைப் பின் துளையில் செருகி, மறுமுனையை மேசைக்கு மேலே கொண்டுவந்து, டாங்கிளை அதில் மாட்டி, நடைவாசல் தெரிகிற பக்கம் ஒரு ஆணியில் தொங்கவிடுங்கள். முன்பக்கத் துளை வேண்டாம். பழைய அசெம்பிள்டு பெட்டிகளில் முன்பக்கத்துக்குப் போகிற உள்வயர் மட்டமாக இருக்கும், டாங்கிள் அடிக்கடி விட்டு விட்டுப் பிடிக்கும். மலிவு கேபிளிலும் அதே தொல்லை உண்டு, மிக நீளமாகவும் போகக் கூடாது. யூஎஸ்பி 2.0-க்கு மொத்தமே ஐந்து மீட்டர்தான். நகத்தளவு டாங்கிளைவிடக் குச்சி ஆண்டெனா வைத்தது நல்லதுதான். ஆனால் பெயர் தெரியாத மலிவு சாமானில் குச்சி உள்ளே வெறும் பிளாஸ்டிக்காக இருப்பதும் உண்டு. அதனால் ஊர் பேர் தெரிந்த கம்பெனியாக, பில்லோடு வாங்குங்கள்.

டாங்கிளில் ஆளைப் படுத்துவது டிரைவர், அதாவது அதை விண்டோஸில் வேலை செய்ய வைக்கும் மென்பொருள். ரியல்டெக் கம்பெனி சிப் உள்ள பல டாங்கிள்கள் செருகியவுடன் வைஃபை என்று காட்டாமல் சிடி டிரைவ் மாதிரி காட்டும். பதற வேண்டாம். டிரைவர் அதற்குள்ளேயே இருக்கிறது, செட்டப்பை ஓட்டினால் தானாக வைஃபையாக மாறிக்கொள்ளும். விண்டோஸ் 7-இல் இன்னொரு முடிச்சு உண்டு. பிந்தைய டிரைவர்கள் எஸ்எச்ஏ-2 என்ற முறையில் டிஜிட்டல் கையொப்பமிடப்பட்டவை. 2015 மார்ச்சில் வந்த கேபி3033929 அப்டேட்டோ அதற்குப் பிந்தியதோ இல்லாத விண்டோஸ் 7 அந்தக் கையொப்பத்தை நம்பாது. டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸின் சாதனப் பட்டியலில்) மஞ்சள் முக்கோணம், கோடு 52 என்ற பிழை எண் வரும். சாமான் கெட்டது என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒரு கோளாறும் இருக்காது.

நெட்டே இல்லாத கம்ப்யூட்டரில் டிரைவரை எப்படி இறக்குவது என்ற கேள்வி வரும். ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளால் கம்ப்யூட்டரில் செருகி, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கம்ப்யூட்டருக்குக் கடத்திவிடும், மொபைல் டேட்டா தேவையில்லை. அதாவது, அந்த நேரத்துக்குப் போனே உங்கள் டாங்கிள். மகளுக்கு நாளைக்கே வகுப்பு என்றால் நாளைக்கு இதை வைத்தே ஓட்டிக்கொள்ளலாம். வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால் அதையே நிரந்தரமாக மாட்டி வைத்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜில் கிடக்கிற பேட்டரி உப்பிவிடும்.

கார்டு போடச் சொன்னவர் சொன்னதிலும் தப்பில்லை. கார்டு போர்டோடு நேராகப் பேசும், சூடு தாங்கும், ஆண்டெனாவும் நிஜமாகவே ஆண்டெனாவாக இருக்கும். உங்கள் எச்61 போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 ஸ்லாட் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒரு அங்குலம் நீளமுள்ள குட்டி ஸ்லாட் அது. அதே போர்டில் வெள்ளையாக நீளமாகப் பழைய பிசிஐ ஸ்லாட்டும் இருக்கக்கூடும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எக்ஸ்1 அடைபட்டிருந்தால் கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீள எக்ஸ்16 ஸ்லாட் காலியாக இருக்கிறதா பாருங்கள், அதிலும் இந்தக் கார்டு வேலை செய்யும். பெட்டி ஒல்லியான வகையாக இருந்தால் கார்டோடு குட்டை பிராக்கெட்டும் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் 2,500 ரூபாய்க் கார்டில் உங்களுக்குக் கண்ணி ஒன்று இருக்கிறது. அந்த விலையில் இப்போது வருவது பெரும்பாலும் வைஃபை 6 கார்டு, உள்ளே இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210. இரண்டுக்கும் இன்டெல் விண்டோஸ் 7 டிரைவர் தருவதில்லை, 64 பிட் விண்டோஸ் 10-ஆவது வேண்டும். விண்டோஸ் 7-லேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் இன்டெல் 7260 மாதிரி முந்தைய தலைமுறைச் சிப்தான் சரி. இன்னொன்று, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று முடிகிற சின்ன அட்டைகள் மலிவாகக் கிடைக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவற்றில் பாதி மூளை மதர்போர்டின் சிப்பில் இருக்க வேண்டும். 2011 போர்டில் அது கிடையாது, எந்த அடாப்டரில் மாட்டினாலும் உயிர் வராது. அப்புறம், கார்டோடு வரும் புளூடூத் தனியாக ஒரு வயர் மூலம் போர்டில் ஒன்பது ஊசி உள்ள யூஎஸ்பி ஹெடரில் மாட்டினால்தான் வேலை செய்யும். வைஃபை வருகிறது, புளூடூத் வரவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது அந்த வயரைச் செருகாமல் விட்டதுதான்.

கார்டை நீங்களே மாட்டலாம். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்லாட்டில் தூசி அடைந்திருந்தால் காய்ந்த பிரஷ் போதும், வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் இருந்து நனைந்த பெட்டி என்றால் மட்டும் விஷயம் வேறு. ஆற்று வண்டல் ஸ்லாட்டின் அடியில் காய்ந்து கிடக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் தெரியும். அந்த ஸ்லாட்டில் புதுக் கார்டைச் செருகாதீர்கள். கார்டைப் பொருத்திய பிறகும் ஆண்டெனாவைப் பெட்டியின் முதுகிலேயே நேராகத் திருகினால் டாங்கிளுக்குச் சொன்ன அதே குறைதான். நீள வயரோடு காந்த அடிப்பாகம் உள்ள ஆண்டெனா வந்தால் அதை மேசை மேல் வையுங்கள். கார்டின் பெருமையே அதில்தான் இருக்கிறது.

இந்த இரண்டையும்விட உங்கள் வீட்டுக்கு எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, யாரும் உங்களிடம் சொல்லாதது. லேன் துளையோடு (நெட் வயர் செருகும் துளையோடு) வரும் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர், அதாவது வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி, ஒன்றை வாங்கி, பட்டாசலுக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவே, சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்துப் பிளக்கில் செருகுங்கள். அதிலிருந்து சாதாரண லேன் வயரை கம்ப்யூட்டருக்கு இழுங்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது வெறும் லேன் இணைப்பு. டிரைவர் கிடையாது, விண்டோஸ் 7-ஆ 10-ஆ என்ற கேள்வி கிடையாது, விண்டோஸ் எக்ஸ்பியில் பில் போடுகிற கடைகளுக்குக்கூட நான் இதைத்தான் செய்து கொடுக்கிறேன். கூடவே இரண்டாங்கட்டில் போனுக்கும் சிக்னல் கிடைத்துவிடும். வீட்டில் பழைய ரவுட்டர் கிடந்தால் அதன் செட்டிங்கில் கிளையண்ட் மோடு அல்லது ரிப்பீட்டர் மோடு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் செலவே இல்லை. நாளைக்கு கம்ப்யூட்டரை மாற்றினாலும் இது வீணாகாது. எக்ஸ்டெண்டரை இரண்டாங்கட்டிலேயே கம்ப்யூட்டர் பக்கத்தில் செருகுவதுதான் எல்லோரும் செய்கிற கோளாறு. சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் அது எதைப் பெருக்கும்?

தார்சாவிலிருந்தே நேராக லேன் வயர் இழுக்க முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. கேட்5இ வகை லேன் வயர் நூறு மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீடு எவ்வளவு நீளமானாலும் அதற்குள் அடங்கிவிடும். முழுச் செம்பு வயராகக் கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே நிறத்தில் விற்கிறது. உத்தரத்தை ஒட்டிக் கொண்டுபோனால் எலிக்கும் அணிலுக்கும் எட்டாமல் குழாய்க்குள் விடுங்கள். தட்டட்டி (மொட்டைமாடி) வழியாகத் திறந்தவெளியில் மட்டும் வேண்டாம். மலையடிவாரத்தில் சித்திரை, வைகாசிக் கோடை இடியும் ஐப்பசி இடியும் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஓடும் செம்பு வயரில் மின்னல் தூரத்தில் விழுந்தாலும் மின்னழுத்தம் ஏறி, லேன் துளையைக் கருக்கிவிடும். உங்கள் பெட்டியில் லேன் துளை ஏற்கெனவே அப்படிப் போய்விட்டதால்தான் வைஃபை தேடுகிறீர்கள் என்றால், மூன்றாவது வழிக்கு யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று கூடுதலாக வேண்டும்.

எதைப் போட்டாலும் பிறகு வரும் சில தொல்லைகள் வைஃபையின் தொல்லையே அல்ல. "கனெக்ட் ஆகுது, ஆனா எந்த சைட்டும் திறக்கலை" என்றால் முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். 2011 பெட்டியில் போர்டின் நாணய பேட்டரி, சிஆர்2032, தீர்ந்திருந்தால் ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அப்போது எல்லாப் பாதுகாப்பான தளமும் சான்றிதழ் செல்லாது என்று மறுக்கும். பேட்டரி எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் வரவில்லை என்றால் ரவுட்டர் சேனல் 12 அல்லது 13-இல் இருக்கலாம். சில டாங்கிள்கள் 11-க்கு மேல் கேட்காது, ரவுட்டரில் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள். பெயர் வருகிறது, பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 7-க்கு அது தெரியாது, டபிள்யூபிஏ2-உம் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் நெட் போய்விடுகிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் பவர் மேனேஜ்மென்டில் மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

இனி மகன் சொன்னது. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் காரணம் வைஃபை இல்லை. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டது. குரோம் 109-ஓடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 115 என்கிற நீண்டகாலப் பதிப்புதான் கடைசி. வகுப்பு நடத்துகிற தளம் இன்று திறக்கும், இன்னொரு நாள் பிரவுசர் பழசு என்று மறுக்கும். விண்டோஸ் 10-உம் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ உங்கள் ஐ3 முறைப்படி ஏற்காது. இதுவரை நெட்டே இல்லாமல் இருந்ததால் உங்கள் டேலிக் கணக்கு பத்திரமாக இருந்தது. நெட்டைச் செருகுகிற அன்றிலிருந்து அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. கணக்கு இருக்கிற அதே பெட்டியில் பழைய விண்டோஸோடு மகள் நாலு தளத்துக்குப் போய்வருவதுதான் இதில் எனக்கு உண்மையாகவே கவலை தருகிற விஷயம், சிக்னல்கூட இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தப் பெட்டிக்குச் சின்ன எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) ஒன்று போட்டு, அதில் விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, வகுப்புக்கும் நெட்டுக்கும் அதை மட்டும் வைத்துக்கொள்வேன். பழைய ஹார்டு டிஸ்கில் விண்டோஸும் டேலியும் அப்படியே இருக்கட்டும், கணக்கு எழுதும்போது மட்டும் அதில் பூட் செய்து, அப்போது நெட்டைக் கழற்றி வைக்கலாம். டேலி லினக்ஸில் நேராக ஓடாது, அதனால்தான் இரண்டு டிஸ்க். எதையும் தொடும் முன் டேலி டேட்டாவை ஒரு பென் டிரைவில் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். லினக்ஸ் என்றால் டாங்கிளின் சிப் முக்கியம். மீடியாடெக் எம்டி7601யூ, எம்டி7610யூ, எம்டி7612யூ ஆகியவை பல வருஷமாகக் கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதியிலேயே) இருப்பதால் செருகியதும் எழுந்துவிடும். ரியல்டெக்கின் 8821சியூ வகைகளுக்குக் கெர்னல் 6.2-இலிருந்துதான் உள்ளேயே ஆதரவு. மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற ஒரே பெயரில் முதல் பதிப்பு ஏதெரோஸ் சிப்போடும் இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப்போடும் வந்தது. அட்டைப்பெட்டியின் அடியில் பதிப்பு எண் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வழியைப் பிடித்தால் இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை, லேன் வயர் லினக்ஸிலும் லேன் வயர்தான்.

உங்கள் வீட்டைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்றுதான்: அந்தச் சுவர்களைத் தாண்டி எவ்வளவு மிஞ்சும் என்பது. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டில் அந்த எண்ணில் இருபது வித்தியாசம் பார்த்திருக்கிறேன். அதனால் ரவுட்டரை நகர்த்துவதற்கு முன்னும் பின்னும், மேசைக்கு அடியிலும் மேலேயும் போனில் பார்த்த நான்கு எண்களை எழுதிப் போடுங்கள். போர்டின் ஸ்லாட் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் போடுங்கள். அதற்குள் டாங்கிள் வாங்கிச் செருகி மஞ்சள் முக்கோணம் வந்திருந்தால் டிவைஸ் மேனேஜரில் அதை இரண்டு தடவை கிளிக் செய்து, கோடு எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவரே இன்னும் ஏறவில்லை, 52 என்றால் மேலே சொன்ன கையொப்பச் சிக்கல். வேறு எண் காட்டினால் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி என்பதில் இருக்கும் விஐடி, பிஐடி எண்களையும் சேர்த்து எழுதுங்கள், எந்தச் சிப் என்று பார்த்து டிரைவரைச் சொல்கிறேன்.